நல்ல முயற்சி

காலையில் அவன் பால் காய்ச்சினான், மகளுக்கு டிபன் கட்டினான், டேப்லெட்டைப் போட்டு அவள் முன்னால் வைத்தான். அன்று அவளுக்குக் கணக்குப் பரீட்சை.

"மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?" டேப்லெட்டில் அவன் மனைவியின் குரல் கேட்டது.

"நாலுல ஒரு பங்கு," என்றாள் மகள்.

"நல்ல முயற்சி கண்ணா! இன்னொரு தடவை பார்க்கலாமா?"

மூன்றாவது தப்பு. "டீச்சரம்மாவுக்கு இன்னிக்கு எவ்வளவு பொறுமை!" என்று அவன் சிரித்தான்.

மகள் பென்சிலை வைத்தாள். "ஆஃப் பண்ணுங்கப்பா. அம்மா என்னிக்காவது இப்படிச் சொல்லியிருக்காங்களா? 'மண்டைக்குள்ள என்ன, களிமண்ணா?'ன்னுதான் கேப்பாங்க."

மனைவி இறந்த மறுமாதம், அவளுடைய ஆன்லைன் வகுப்புகளிலிருந்து குரலை எடுத்துப் பள்ளிக்கூடம் செய்த செயலி அது. அவன் டேப்லெட்டை அணைத்தான்.

"சரி, நானே சொல்லித் தர்றேன். மூணைவிட நாலு பெருசு இல்லையா? அப்போ..."

"ஐயோ அப்பா! ஆஸ்பத்திரியில அம்மா கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

அது எந்தப் பதிவிலும் இல்லை. ஆனால் இருவருக்கும் மனப்பாடம்.

"ஏங்க, சமையலை எப்படியாவது கத்துக்குங்க. கணக்குப் பக்கம் மட்டும் தலைவச்சுக்கூடப் படுக்காதீங்க. புள்ள பாஸாகணும்."