நாலடிக்காக ஒரு பானை

குழிக்குள் பானையை இறக்கி அவசர அவசரமாக மண்ணைத் தள்ளி மூடினார் தையல்காரர். தொல்லியல் ஆட்கள் அத்தனை பேரும் கூடாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

முதலில் தோண்டிய இடத்தில் கரண்டி 'ணங்' என்று எதிலோ இடித்தது. 'சனியன் பிடிச்ச கல்லு' என்று முணுமுணுத்துக்கொண்டு, ஒரு முழம் தள்ளித்தான் புதைத்தார்.

அகலச் சாலை போடுவதற்கு முன்னால், மண்ணுக்கடியில் பழங்காலத்துப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு மாதமாகத் தோண்டுகிறார்கள். ஒரு ஓட்டுத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. இன்றோடு கடைசி.

நாளை சாலை வேலை தொடங்கினால், குழியை ஒட்டியிருக்கும் அவர் கடையில் முன்பக்கம் நாலடி போய்விடும். தையல் மெஷின் நிற்பதே அந்த நாலடியில்தான்.

"பழசா ஒண்ணு கிடைச்சாப் போதும், ரோட்டை வளைச்சு வேற பக்கம் கொண்டு போயிடுவாங்க" என்று மனைவியிடம் சொல்லித்தான் அந்தப் பானையைக் கேட்டு வாங்கினார்.

"பானை போனாப் போகுது. மாட்டிக்கிட்டா என்னை இழுக்காதீங்க" என்றாள் அவள்.

நாலு மணிக்கு அகழாய்வு அதிகாரியம்மா கடை வாசலில் வந்து நின்றார். அவர் பேண்ட்டுக்கு ஆறு பாக்கெட் வைத்துக் கொடுத்ததே இவர்தான். அந்தம்மா கையில் அதே பானை.

"என்னம்மா, ஏதாவது கிடைச்சுதா?" மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"கிடைச்சுது அண்ணே. அந்தக் காலத்து ஜனங்க பானைக்குள்ள நைலான் நூல் போட்டு வெச்சிருந்திருக்காங்க."

மெஷின் நின்றது.

"தப்புதாம்மா" என்றார். "இருபத்திரண்டு வருஷமா இதே இடத்துல மெஷின் மிதிக்கிறேன். வேற வழி தெரியல. போலீசுக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

அதிகாரியம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"போலீசா? உங்களுக்கு மாலை போடணும் அண்ணே! மண்ணு கலைஞ்சிருக்கேன்னு சுத்திக் கிளறிப் பார்த்தா, நாங்க நிறுத்தின இடத்துக்கு அரை அடி கீழ செங்கல் சுவர்! ரெண்டாயிரம் வருஷமாவது இருக்கும். மேலிடத்துல பேசிட்டேன், ரோடு இந்தப் பக்கமே வராது."

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று கும்பிட்டார். "அடியே, நம்ம நாலடி தப்பிச்சுதுடீ!" என்று உள்ளே பார்த்துக் கூவினார். பித்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியோடு ஓடி வந்தாள்.

அதிகாரியம்மா மேஜையிலிருந்த சாக்கட்டியை எடுத்தார். குனிந்து, வாசற்படியில் ஆரம்பித்து, மெஷினுக்கு அடியில் நுழைந்து, பின்சுவர் வரைக்கும் தரையில் நேராக ஒரு கோடு இழுத்தார்.

"சுவர் இப்படித்தான் போகுது அண்ணே. கடையை முழுசா எப்பக் காலி பண்றீங்க?"