கரிக்காத தண்ணீர்

சென்னம்மாவின் இடது கண்ணில் ஆறு மாதமாக நீர் வடிந்துகொண்டே இருந்தது. மூக்கோரம் வீங்கிச் சீழும் வந்த பிறகுதான், ஓசூர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சொட்டு மருந்திலும் மாத்திரையிலும் இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. மறுமுறை போனபோது, கண்ணீர்க் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க, டாக்டரம்மா கண்ணோரத் துளையில் மெல்லிய ஊசி வைத்து உப்புத் தண்ணீரைச் செலுத்தினார்.

"தொண்டைக்குத் தண்ணி வருதாம்மா? கரிக்கும்."

"வருதுங்க. கரிக்கலைங்க. கிராம்பு மாதிரி இருக்குது."

டாக்டரம்மா வலது கண்ணிலும் அதே தண்ணீரை விட்டார். கரித்தது. இடது கண்ணில் மறுபடி விட்டார். கிராம்புதான்.

அவள் புருஷன் சென்றாயன் சொத்தைப் பல் வலிக்காக எந்நேரமும் வாயில் கிராம்பை அடக்கியிருப்பான். முத்தத்திலும் அந்தக் காரம் இருக்கும். அவன் இறந்து நான்கு வருடமாகிறது. அதற்குப் பிறகு அவள் கிராம்பு வாங்கியதே இல்லை.

"இன்னொருக்கா விடுங்களேன்," என்றாள்.

"வேணாம்மா. அடைப்பு இல்ல. இனி நீங்க வர வேண்டியதில்ல."

உத்தனப்பள்ளி பஸ்ஸில் அவள் எச்சிலைக்கூட விழுங்கவில்லை. கண்டக்டர் ஊர் கேட்டபோது, மருந்துச் சீட்டில் எழுதியிருந்த தன் முகவரியைக் காட்டினாள்.

வீட்டில் மகள் யுவஸ்ரீ தண்ணீர் நீட்டினாள். சென்னம்மா வாயைத் திறக்காமல் தலையசைத்து மறுத்தாள். மகள் கிட்டே வந்து அவள் முகத்தருகே முகர்ந்தாள். சொம்போடு அப்படியே நின்றாள்.

"அம்மா, அப்பா வந்தாராம்மா?"