நீலத் திரையும் பக்கத்து வீட்டு வானொலியும்

தகரக் கூரைமேல், டிஷ் மாட்ட வந்த ம்வீம்பா அதை மெல்ல மெல்லத் திருப்புகிறான். வெயிலேறிய தகரம் அவன் காலடியில் நெளிந்து முனகுகிறது. கீழே வாசலில் லுயாண்டோ ஒரு கண்ணைக் கூரையிலும் மறு கண்ணைத் தொலைக்காட்சியிலும் வைத்து நிற்கிறாள். மகள் சோல்வே இன்றுதான் முதன்முறையாக ஜாம்பியா பெண்கள் அணிக்கு கோல் காக்கிறாள். ஆட்டம் புதிய எச்டி சேனலில் மட்டுமே வருகிறது என்று பழைய செட்டாப் பெட்டியைக் கழற்றியாயிற்று. புதுப் பெட்டியோ வெறும் நீலத்தைக் காட்டுகிறது. கூடத்தில் தெருவே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. "சிக்னல் வந்துச்சா, சோல்வேம்மா?" "வந்துச்சு, போயிடுச்சு! மாமரத்துப் பக்கம் கொஞ்சம் திருப்பு!" "மரந்தான் மறைக்குது போல." "மரத்தை நாளைக்கு வெட்டிக்கலாம், இப்ப திருப்புய்யா!" என்று உள்ளேயிருந்து கிழவர் ஹமலம்போ கத்துகிறார். பக்கத்து வீட்டு வானொலியில் ஆட்டம் எப்போதோ தொடங்கிவிட்டது. திடீரென்று அறிவிப்பாளரின் குரல் உயர்கிறது: எதிரணிக்குப் பெனால்டி. லுயாண்டோ இடுப்புத் துணியின் முனையை விரலில் முறுக்குகிறாள். கூரையில் ஸ்பேனர் ஒருமுறை கிறீச்சிடுகிறது, திரையில் வண்ணம் பொங்கி வருகிறது. சோல்வேயின் முகம், திரை நிறைய. மேலுதட்டு வியர்வை, கடித்த உதடு, ஒவ்வோர் இமைமயிரும் தனித்தனியாக. பெற்றவள் கிட்டே போகிறாள். "மறைக்காதம்மா!" என்று கூடத்திலிருந்து யாரோ கத்துகிறார்கள். அந்த நொடியில் பக்கத்து வீடு வெடிக்கிறது: "புடிச்சிட்டா! சோல்வே புடிச்சிட்டா!" செயற்கைக்கோள் வழியாக வானத்தைச் சுற்றிவரும் படம் வானொலிக்குச் சற்றுப் பின்தங்கியே வருகிறது, திரையில் பந்து இன்னும் உதைபடவில்லை. லுயாண்டோ அழுதுகொண்டே சிரிக்கிறாள். அவள் முன்னால், மகள் இன்னும் பயந்துபோய் நிற்கிறாள்.