கிண்ணத்து முந்திரி

வசுமதி வீட்டுத் தோட்டத்து மேசையில், தாம்பாளம் நிறையக் காரப்பொரி இருந்தது. பக்கத்தில் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் வறுத்த முந்திரி உட்கார்ந்திருந்தது.

முந்திரிக்குத் தலைகால் புரியவில்லை. "வருகிறவர்கள் எல்லாம் என்னைத்தான் மொய்ப்பார்கள். உன்னை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது, தம்பி," என்றது பொரியிடம்.

"பரவாயில்லை அண்ணே. நமுத்துப்போவதற்குள் யாராவது வந்தால் சரி," என்றது பொரி.

தோழிகள் வந்தார்கள். ஆளுக்கு ஒரே ஒரு முந்திரியை எடுத்துக்கொண்டு, "போதும், போதும்," என்று கிண்ணத்தை அடுத்தவர் பக்கம் தள்ளினார்கள். பிறகு பேச்சு சூடுபிடித்தது. கைகள் அள்ளி அள்ளிப் பொரியைத் தின்றன. சிரித்த சிரிப்பில் பாதிப் பொரி புல்தரையில் சிந்தியது. கிண்ணம் மட்டும் மேசையை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

வசுமதி மறுபடியும் பொரி கலந்து கொண்டுவந்து தாம்பாளத்தில் கொட்டினாள். முந்திரிக்குச் சமையலறை டப்பாவின் இருட்டு ஞாபகம் வந்தது.

"தம்பி, உள்ளே கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

"தாராளமாக வாங்க அண்ணே."

வசுமதியின் முழங்கை கிண்ணத்தில் பட்டதுதான் சாக்கு. முந்திரி மொத்தமும் பொரிக்குள் குதித்துப் புதைந்துகொண்டது.

கைகள் மறுபடியும் அள்ளின. யார் கையில் எத்தனை முந்திரி போனதென்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் போதும் என்று சொல்லவுமில்லை.