வாசல் கதவு

கண்டெய்னர் கதவுகளில் சென்சார் பொருத்துவது அவன் வேலை. யார் திறந்தாலும் செல்போனுக்குத் தகவல் வந்துவிடும்.

சமீபகாலமாக மனைவி சந்தோஷமாக இருந்தாள். தன்னால்தான் என்று அவனால் நம்ப முடியவில்லை. அவளுக்குத் தெரியாமல் வீட்டு வாசல் கதவில் ஒரு சென்சாரை மாட்டினான்.

மறுநாள் மதியம் வழக்கம்போல் துறைமுகத்தில் நின்றிருந்தபோது தகவல் வந்தது: கதவைச் சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். உடனே அவளை அழைத்தான்.

"வீட்டுக்கு யாரு வந்தா?"

"என்ன விளையாட்டு இது? தினமும் வர்ற மாதிரி நீங்கதானே சாப்பிட வந்தீங்க. பக்கத்து ரூம்ல இருந்துகிட்டு எதுக்குப் போன் பண்றீங்க?"

போனில் அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அதான் வந்துட்டீங்களே" என்றவள், போனை வைக்க மறந்துவிட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அவனிடம் அவள் அப்படிச் சிரித்துப் பல வருடமாகிறது. இன்னொரு சிரிப்பு அவனுடைய சொந்தச் சிரிப்பு.

வெயிலில் நின்று கடைசிவரை கேட்டான்.