டிக்கியைப் பிடிக்க ஓர் ஆள்

நெவில் கராஜ் கதவைத் தரைவரை இறக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

ஆஸ்திரேலியாவின் வையாலா; பிப்ரவரி அங்கே உச்சக் கோடை. காலை எட்டரைக்கே தகரக் கூரை சடசடத்தது. கதவைத் திறந்து வைத்தால் கடல் பக்கமிருந்து கொஞ்சம் காற்றாவது வரும். அவர் திறக்கவில்லை.

காருக்கு இருபத்தாறு வயது. டிக்கி மூடியைத் தூக்கி, அடியில் துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுத்தார். கீழே சாக்கின் மேல், மாட்ட வேண்டிய தண்டுகள் இரண்டும் கிடந்தன.

மூடியைத் தூக்கிப் பிடிப்பவை இந்தத் தண்டுகள்தாம். உள்ளே அடைத்த வாயு இருக்கும்வரை இரண்டுமாகச் சேர்ந்து தாங்கும். வாயு இறங்கிப்போனால் மூடி மண்டையில் இறங்கும்.

இடது பக்கத்தில் தொடங்கினார். சின்ன ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கம்பி வளையத்துக்குள் விட்டு நெம்பினார். தண்டு குமிழிலிருந்து கழன்று கையோடு வந்தது. சாக்கில் கிடந்ததில் ஒன்றை எடுத்து, மெல்லிய முனை கீழே வருமாறு பிடித்து அழுத்தினார். டக்.

இரும்பு ஆலையில் நாற்பது வருடம் ஃபிட்டராக இருந்தவருக்கு இதெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அப்படிப்பட்ட மனிதர் இரண்டு வருடமாகத் தண்டு மாற்றாமல் ஓட்டினார் என்றால், காரணம் பக்கத்து வீட்டு டோரீன்.

வியாழக்கிழமைதோறும் நெவில் கடைக்குப் போய் வருவார். கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் டோரீன் வீட்டுச் செருப்போடு, கையில் டீக் கோப்பையோடு வந்துவிடுவார். ஒரு கையால் மூடியைப் பிடித்துக்கொள்வார். நெவில் பைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோவார். அதற்குள் டோரீனின் முழங்கால் வலி, ஃபுட்டி பந்தாட்டத்தில் தோற்றவர்களின் லட்சணம், எதிர்வீட்டு நாய் எல்லாம் பேசி முடிந்துவிடும். ஆலைக்காரருக்கு ஒரு மூடியை நிறுத்த வக்கில்லையே என்ற கிண்டலும் வாராவாரம் உண்டு.

ஒருநாள் வீட்டிலிருந்து ஊதா நிற டேப்பை எடுத்துவந்து, எண்ணெய் கசிந்த வலது தண்டில் சுற்றிவிட்டு, இனி சரியாகிவிடும் என்றார் டோரீன். வைத்தியம் பலிக்கவில்லை. நெவிலுக்கு அதில் வருத்தமும் இல்லை.

எப்படி இழுத்தாலும் பத்து நிமிடப் பேச்சு. நெவிலின் மனைவி முப்பது வருடத்துக்கு முன்பே பிரிந்து அடிலெய்டுக்குப் போய்விட்டார். ஆலை நண்பர்களில் பாதிப்பேர் ஊரில் இல்லை, மீதிப்பேர் உலகத்திலேயே இல்லை. வாரம் முழுக்க அவரிடம் மனிதக் குரல் பேசியது அந்தப் பத்து நிமிடம்தான்.

நெவிலின் பிறந்தநாளன்று டோரீன் வந்து கதவைத் தட்டினார். கையில் நீளமான பொட்டலம், மஞ்சள் ரிப்பன். உள்ளே இரண்டு புதுத் தண்டுகள்.

"எழுபத்திரண்டு வயசாச்சு நெவில். இனிமே டிக்கி திறக்க ஒருத்தர் தயவு உனக்கு வேணாம்."

நெவில் நன்றி சொன்னார். வேறு என்ன சொல்ல முடியும்?

வலது பக்கமும் டக்கென்று உட்கார்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, எட்ட நின்று துடைப்பக் கட்டையை உருவினார்.

மூடி ஒரு நொடி யோசித்தது. பிறகு தொப்பென்று விழுந்தது.

நெவில் திருப்தியோடு தலையாட்டினார். கழற்றிய புதுத் தண்டுகளைச் சாக்கில் சுருட்டி, பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

மூன்று வாரமாக அவை கடமை தவறாமல் மூடியைத் தாங்கின. முதல் வியாழன் டோரீன் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனார். அதற்கடுத்த இரண்டு வியாழனும் ஜன்னல் திரைகூட அசையவில்லை.

போய்க் கதவைத் தட்டலாம்தான். தட்டினால், என்ன வேண்டும் என்று கேட்பார். அதைச் சொல்லத்தான் நெவிலுக்கு வாய் வராது.

இன்று நான்காவது வியாழன். பதினொரு மணிக்குக் கடையிலிருந்து திரும்பினார். டிக்கியைத் திறந்து, மூடியைத் தலையால் முட்டிக்கொண்டு, வேண்டுமென்றே கொஞ்சம் உரக்க முனகினார்.

பக்கத்து வீட்டுக் கம்பிவலைக் கதவு அடித்துக்கொண்டது. டோரீன் டீக் கோப்பையோடு வந்துகொண்டிருந்தார்.

டோரீன் வழக்கமான இடத்தில் நின்று, வழக்கம்போல மூடிக்குக் கை கொடுத்தார். பிறகு குனிந்து வலது தண்டைப் பார்த்தார்.

அதில் ஊதா டேப் இருந்தது.

நாற்பது வருடம் ஒரு வாஷரைக்கூட மறக்காத மனிதர், டேப்பை மறந்துவிட்டார். அவருக்குக் காது மடல் வரை சுட்டது.

டோரீன் கட்டைவிரலால் அந்த டேப்பை ஒருமுறை தடவினார். கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தார்.

"இப்போ வர்ற சாமானெல்லாம் இப்படித்தான் நெவில். மூணு வாரம்கூட நிக்கல பாரு."

அன்று நெவில் வாங்கியிருந்தது இரண்டே பை. அவற்றை உள்ளே கொண்டுபோய் வைக்க அரைமணி நேரம் ஆனது. டோரீன் கையை மாற்றி மாற்றி மூடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.