உதட்டில் ஒட்டிய காது

ஒரு தலைக்குள்ளே ஓயாமல் பேசும் நரம்பு நுனி ஒன்று இருந்தது. அதன் பேச்செல்லாம் குளூட்டமேட் என்னும், அடுத்த செல்லைக் கிளறிவிடும் வேதிப்பொருளின் துளிகள். நடுவே இருந்த சின்ன இடுக்குக்கு எதிரே இருந்த நரம்புச் செல் அவற்றை வாங்கிக்கொண்டு தலையாட்டும். நுனியின் உதட்டிலேயே ஏற்பி என்றொரு குட்டிக் காது ஒட்டியிருந்தது. துளி தன்மேல் சிந்தினால், "போதும்ணே" என்னும்.

"எதிர்வீட்டுக்காரரே ரசிக்கிறார், உனக்கென்ன வயிற்றெரிச்சல்?" என்று நுனி அன்று மேலும் கொட்டியது. எதிர்ச்செல் வேகவேகமாகத் தலையாட்டியது. நுனிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அண்ணே, அது ரசனை இல்ல, வலிப்பு! இன்னும் ரெண்டு துளி விழுந்தா ஆள் காலி!"

நுனி சட்டென்று வாயை மூடியது. எதிரே நடுக்கம் மெல்ல அடங்கியது.

"இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க."